ஆறு பேர், ஏழு தடி

பிலிப்புக்கு எண்ணத் தெரியும் என்பதில் ரங்கூன் தமிழர்களில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கப்பல் ஏஜென்டு கம்பெனி ஒன்றுக்காக முப்பது வருடம் துறைமுகத்தில் நின்று பெட்டி எண்ணியவர் அவர். கொட்டும் மழையில் எண்ணுவார், பக்கத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாலும் எண்ணுவார், பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே எண்ணுவார். ஒரு பெட்டி தப்பியதில்லை. "பிலிப் எண்ணியாச்சா? அப்ப சரி" என்று மேலதிகாரிகள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. வேலை என்பதைவிடப் பைத்தியம் என்றால் பொருந்தும். மெட்ராஸ் பட்டாளத்துக்கு அவர்தான் அவில்தார்.

நிஜப் பட்டாளம் இல்லை. 1824-ல் வெள்ளைக்காரன் ரங்கூனைப் பிடிக்க வந்தபோது கப்பல் கப்பலாக மெட்ராஸ் சிப்பாய்களைக் கொண்டு வந்து இறக்கினான். எழுபதுகளில் ஒரு பர்மாப் படக் கம்பெனிக்கு அந்தச் சண்டையைப் படமாக்கும் ஆசை வந்தது. எதிரியாக நின்று சுடப்பட்டு விழுவதற்குக் கறுத்த ஆட்கள் வேண்டியிருந்தது. தமிழர்கள் போனார்கள். படம் பாதியில் நின்றுபோயிற்று, போனவர்களின் பைத்தியம் நிற்கவில்லை. சிவப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, மாதா கோயில் திருவிழா, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் பொங்கல் விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ச் சுட்டார்கள், சுடப்பட்டு விழுந்தார்கள். வாரம் முழுக்க லத்தா பேட்டைப் பருப்பு மண்டியில் மூட்டை நிறுக்கிற சபாபதி, ஞாயிற்றுக்கிழமை சிப்பாயாகச் செத்தால்தான் தன் வாரம் முடிந்த மாதிரி இருக்கிறது என்பார். அவருடைய மனைவி நீலாம்பாள், "இவரு வீட்டுல வாழ்ந்ததை விட மைதானத்துல செத்ததுதான் அதிகம்" என்பாள்.

துப்பாக்கிகளைச் செய்தவர் ஆபிரகாம், ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். படக்காரர்கள் கொண்டு வந்த பழைய துப்பாக்கி ஒன்றை அங்குலம் அங்குலமாக அளந்து, அதே மாதிரி ஏழு செய்தார். இரும்புக் குழாய், தேக்குக் கட்டை, அடிக்கிற விசைக் குதிரையின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். குழாய் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே காகிதத்தைத் திணித்து, மூன்றரை அடி இரும்புத் தடியால் இடிக்க வேண்டும். குண்டு போடுவதில்லை. வெடிக்கும், நெருப்புக் கக்கும், புகை மூடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஆனால் இடித்த தடியை மறந்து குழாய்க்குள்ளேயே விட்டுவிட்டால் அதுவே அம்பாகப் பாயும். அதனால் ஆபிரகாம் ஒரு விதி வைத்திருந்தார். இடித்து முடித்தவன் தடியை உருவித் தன் வலது காலுக்கு முன்னால் மண்ணில் குத்தி நிறுத்த வேண்டும். அவில்தார் வரிசையின் ஓரத்தில் நின்று தடிகளை எண்ண வேண்டும். ஆள் கணக்கும் தடிக் கணக்கும் ஒத்துப்போனால் மட்டுமே "சுடு" என்று சொல்ல வேண்டும். பிலிப் எதற்காக அவில்தார் ஆனார் என்று இப்போது விளங்கும்.

1988 ஆகஸ்டில், அரசாங்கத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்க, ராணுவம் சுட்டுக்கொண்டிருந்த நாட்களில், பட்டறையிலிருந்து வீட்டுக்குப் படகேற நடந்து வந்துகொண்டிருந்த ஆபிரகாமைத் தெருவில் ஒரு குண்டு சாய்த்தது. கூட்டத்தோடு போனவர் இல்லை, கோஷம் போட்டவர் இல்லை. கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. பதினைந்து வருடம் கொல்லாத துப்பாக்கி செய்த மனிதருக்கு இப்படி ஒரு சாவு. இதைச் சத்தமாகச் சொல்லக்கூட அப்போது ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. அவருடைய மனைவி மார்த்தா வாசல் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு துப்பாக்கிகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய் முத்திரை வைத்தது. மூன்று வருடம் கழித்து அரசாங்கமே விழா நடத்த ஆரம்பித்தது. பழைய வீரர்கள் அந்நியனை விரட்டியதை ஜனங்களுக்குக் காட்ட வேண்டும், காட்டுவதற்கு அந்நியன் வேண்டும். மெட்ராஸ் பட்டாளத்துக்கு அழைப்பு வந்தது. வர முடியாது என்று சொல்லக் கூடிய அழைப்பு இல்லை அது. விழா அன்றைக்குக் காலையில் துப்பாக்கியும் அளந்த மருந்தும் தருவார்கள், சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தடிகளை மட்டும், வெறும் இரும்புக் கோல்தானே என்று அவரவர் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

ஆபிரகாம் போனபின், துப்பாக்கி பிடிக்காத அவில்தாரைச் சேர்க்காமல், பட்டாளத்தில் ஆறு பேர். முதல் விழாவன்று மார்த்தா டாலாவிலிருந்து படகேறி வந்து, துணியில் சுற்றிய ஒரு தடியைப் பிலிப்பின் கையில் கொடுத்தாள்.

"அவரு தடி. வரிசையில ஒரு ஓரமா நட்டு வைங்க தம்பி. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

பிலிப் நட்டார். தன் காலருகில், வரிசையின் வலது கோடியில். குண்டடிபட்டுச் செத்தவனுக்கு அரசாங்கத்தின் மைதானத்திலேயே, அதிகாரிகளின் கண் முன்னாலேயே ஒரு மரியாதை. ஆறு பேருக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. விழா முடிந்ததும் தடியைத் துணியில் சுற்றி மார்த்தாவிடம் திரும்பக் கொடுத்துவிடுவார். அன்று முதல் ஐந்து வருடம், ஆறு பேர், ஏழு தடி. ஏழு என்று எண்ணினால் சரி. பிலிப்பின் நாக்கில் ஏழு ஊறிப் போயிற்று.

1996-ல் மிங்கலாடோன் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் பெரிய விழா வந்தது. பொறுப்பில் இருந்த அதிகாரி, எல்லோரும் போஜீ என்று அழைப்பவர், முகம் வழுவழுவென்று இருக்கிற சின்ன வயதுக்காரர். அனுமதிக் கடிதத்தை விரலால் தட்டினார்.

"கடிதத்துல ஏழு துப்பாக்கின்னு இருக்கு. ஆறுதான் சுடுமா? ஏழும் சுடணும். ஆளைப் பிடிங்க."

ஆபிரகாமின் தம்பி நெல்சன் வந்தான். பஸ் கண்டக்டர், நாற்பது வயது, அண்ணன் செய்த துப்பாக்கியைத் தொட்டதும் கண் கலங்கிவிட்டான். ஆனால் தடியைத் தொட மாட்டேன் என்றுவிட்டான்.

"அது அண்ணன் தடிங்க. அது அங்கயே நிக்கட்டும். நான் பட்டறையில சொல்லி வேற வெட்டிக்கிறேன்."

நல்ல மனசுதான். பிலிப்புக்கும் அது பிடித்திருந்தது, முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். ஏழு பேர், எட்டுத் தடி. அந்த நிமிடத்தில் அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

விழா அன்று எல்லாம் தாமதம். மேடையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதருக்கு வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்ததாம். அரை மணி நேரச் சண்டையைப் பத்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள். மூங்கில் கோட்டைக்குள் பர்மா வீரர்களாக முகாமிலிருந்து வந்த இளம் சிப்பாய்கள். கோட்டைக்குப் பின்னால்தான் உயரமாக அந்த மேடையும் பந்தலும், சண்டை நேருக்கு நேர் தெரிய வேண்டுமே. குண்டில்லாத துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன என்று கட்டியவர்கள் நினைத்திருப்பார்கள்.

மருந்து கொட்டினார்கள், காகிதம் திணித்தார்கள், இடித்தார்கள். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் போஜீயின் சிவப்புக் கொடி இறங்கியது. கொடி இறங்கினால் சுட வேண்டும். பிலிப் வரிசையைப் பார்த்தார். சண்டைக் காட்சிக்காகக் கொளுத்திய வைக்கோலின் புகை காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. தடிகளை எண்ணினார், அவசரத்திலும் ஒவ்வொன்றாக, விரலை மடக்கி எண்ணினார். ஏழு. எதிரே ஏழு ஆட்கள், ஏழு துப்பாக்கிகள். மனம் கேட்ட எண்ணும் கண் பார்த்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன.

"சுடு!"

வெடித்தது. புகை மூடியது. கோட்டையிலிருந்து ஆரவாரத்தோடு வீரர்கள் பாய்ந்து வர, மெட்ராஸ் பட்டாளம் வழக்கம்போல் விழுந்து செத்தது. சபாபதி மார்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றி விழுவதில் கெட்டிக்காரர். அன்றைக்கும் அப்படியே விழுந்து, புல்லில் முகம் வைத்து, கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

கைதட்டல் வரவில்லை. விசில் வந்தது, பூட்ஸ் சத்தம் வந்தது. பந்தலில் பெரிய மனிதரின் நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி, கம்பத்தில் இரும்புத் தடி ஒன்று பாதி இறங்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் செத்தவர்கள் எழுந்திருக்கக் கூடாது என்று முதுகில் பூட்ஸை வைத்தார்கள். மண்ணில் நின்ற தடிகளை எவனோ ஒருவன் அள்ளிக் குவித்தான், எது யாருடையது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

"யாரு துப்பாக்கி இது?" என்று போஜீ கத்தினார்.

அப்போது சபாபதி, பள்ளிக்கூடப் பையன் எழுந்து நிற்பதுபோல, தோளைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"என்னோடதாத்தான் இருக்கும் போஜீ. எப்பவும் இல்லாம இன்னைக்குப் பலமா உதைச்சுச்சு."

சட்டையை விலக்கிக் காட்டினார். தோள் நீலமாகக் கன்றியிருந்தது. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று ஐம்பது வயதிலும் நம்பிய மனிதர்.

எல்லோரையும் தனித்தனியாக அடைத்தார்கள். பிலிப்பை இரண்டு நாள் ஒரு முக்காலியில் உட்கார வைத்தே கேட்டார்கள். மூத்திரம் போகக்கூடக் கேட்கப் பயம். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"சுடுன்னு சொல்றதுக்கு முந்தி எண்ணினாயா?"

"எண்ணினேன்."

"எத்தனை?"

"ஏழு. ஏழு தடியும் மண்ணுல நின்னுச்சு. முப்பது வருஷமா எண்ணுறவன் நான், துறைமுகத்துல கேளுங்க."

எழுதி நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னது பொய் இல்லை. ஏழு தடி நின்றது, ஏழுதான் எண்ணினார். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர்கள் மிச்சத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஏழு துப்பாக்கிக்கு ஏழு தடி மண்ணில் இருக்கும்போது கம்பத்தில் இருப்பது எட்டாவது. எட்டாவதை எவனோ வேண்டுமென்றே கொண்டு வந்திருக்கிறான். தோள் நீலமாகிப்போனவன்தான் அவன்.

சபாபதியைத் தவிர மற்றவர்களையும் பிலிப்பையும் வெளியே விட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்கினார். சபாபதி எதற்காக இப்படிச் செய்தான் என்று நினைத்து நினைத்து அவருக்குக் கோபம்கூட வந்தது. மனைவி ரோஸ்லினிடம், "கூடப் பழகின பய, மனசுல என்ன இருந்துச்சுன்னே தெரியலையே" என்றார். இதைவிட வெட்கக்கேடான ஒரு வாக்கியத்தை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. ஆனால் சொல்லும்போது அது அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் மார்த்தா நின்றுகொண்டிருந்தாள். டாலா படகு நேரம் தப்பிவிடுமே என்று அவசரம் அவளுக்கு. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தம்பி, அவரு தடி எங்க? அதையும் எடுத்துக்கிட்டாங்களா?"

பிலிப் அவளைப் பார்த்தார். உதடு தானாக அசைந்தது. சபாபதி, நெல்சன் என்று ஒவ்வொரு ஆளாக வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் ஒரு தடியை நட்டு, கடைசியில் தன் காலருகில் ஆபிரகாமின் தடியை நட்டு எண்ணினார். எட்டு வந்தது. இன்னொரு தரம் எண்ணினார். எட்டு. அவருடைய கையிலிருந்த ஜெபப் புத்தகம் கீழே விழுந்தது, குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் யானைக்குத்தான் அடிபடும். இங்கே சறுக்கியது ஒருவன், நசுங்கிக் கிடப்பது இன்னொருவன்.

ரோஸ்லினிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் ஈரக் கையோடு போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தாள்.

"போய்ச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும்ல."

"என்னன்னு சொல்லுவீங்க? எட்டாவது தடி யாருதுன்னு கேப்பாங்க. எண்பத்தெட்டுல செத்தவருக்கு மரியாதை பண்ணோம்னு சொல்லுவீங்களா? அஞ்சு வருஷமா அவங்க மைதானத்துல, அவங்க மூக்குக்குக் கீழேன்னு? மார்த்தா அக்காவையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போவாங்க. அப்புறம் ஆறு பேரையும். சபாபதியை விட்டுருவாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தவறில்லை. அதுதான் பிலிப்புக்கு வசதியாகவும் போயிற்று. கோழைத்தனத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் அதை விட்டு வெளியே வருவது லேசில்லை. மார்த்தாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். காலையில் சொன்னார், ஆபீசுக்குப் போகும்போது சொன்னார். துறைமுகத்தில் பெட்டி எண்ணும்போது மட்டும் அது உதவவில்லை. ஏழு வந்ததும் நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார். பிலிப்புக்கு வயதாகிவிட்டது என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள்.

ஒன்றரை மாதத்தில் தீர்ப்பு வந்தது. பெரிய மனிதரைக் கொல்லச் சதி, பன்னிரண்டு வருடம். சபாபதியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொன்னார்கள். அடித்து வாங்கியிருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நீலாம்பாள் பிலிப்பின் வீட்டுக்கு வந்தாள். வறுத்த நாப்பி என்கிற இறால் விழுது டப்பா ஒன்றும் சோப்புக் கட்டி இரண்டும் பையில் இருந்தன. அழவில்லை. அழுது முடித்துவிட்ட முகம்.

"அண்ணே, பார்க்க விடுறாங்க. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. என் கூடப் பிறந்த அண்ணன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். இந்தியாக்காரன்னாலே அவங்களுக்குக் கலாதான், எல்லாக் கலாவும் ஒண்ணுதானே. வரீங்களா?"

ரோஸ்லின் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பிலிப் சட்டையை மாட்டிக்கொண்டார்.

சிறையில் இரண்டு வலைக் கம்பி, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. அந்த இடைவெளியில் கையில் பிரம்போடும் சின்ன நோட்டுப் புத்தகத்தோடும் ஒரு வார்டர் நடந்துகொண்டிருந்தான். பர்மா பாஷையில் மட்டுமே பேச வேண்டும், அவனுக்குப் புரியாத பாஷை பேசினால் சந்திப்பு முடிந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

சபாபதி பாதியாகிப் போயிருந்தார். தலையை மழித்திருந்தார்கள். பொண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தார். வீட்டு விஷயம், கடை விஷயம், நாப்பியில் காரம் போட்டாயா என்று கேட்டார். பிறகு பிலிப்பின் பக்கம் திரும்பினார். பிலிப் எதிர்பார்த்திருந்த கோபம் அந்த முகத்தில் இல்லை. தப்புச் செய்துவிட்டு அண்ணன் முன்னால் நிற்கிறவனைப் போலத்தான் நின்றார்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க" என்றார் பர்மா பாஷையில்.

"நீ எதுக்கு?"

"அடிச்சப்பகூட நான் ஒத்துக்கலைண்ணே. வேணும்னு செய்யலை, மறந்துபோய் உள்ள விட்டிருப்பேன்னுதான் சொல்லிட்டே இருந்தேன். அப்புறம் உங்க எழுத்தைக் காட்டினாங்க. ஏழும் மண்ணுல இருந்துச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்க. நீங்க எண்ணுனா தப்பாதே. அப்ப நான் தடியை நட்டிருக்கேன். நீங்க எண்ணினதுக்கு அப்புறம் திரும்பப் பிடுங்கிக் குழாய்க்குள்ள போட்டிருக்கேன். எனக்கே தெரியாம. எப்படிண்ணே அது? எனக்குள்ள வேற எவனோ இருக்கான்போல. இன்னைக்குத் தடியைப் போட்டவன் நாளைக்கு என்ன பண்ணுவான்? ராத்திரி பக்கத்துல படுத்திருக்கவங்களை எதுவும் பண்ணிருவேனோன்னு தூங்கவே பயமா இருக்கு. அதான் கையெழுத்துப் போட்டுட்டேன். என்னை மாதிரி ஆளு உள்ள இருக்கிறதுதான் நல்லது."

நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடிக்கு அசையாத மனிதரை ஒரு கையெழுத்து முறித்திருக்கிறது, அதுவும் பிலிப்பின் கையெழுத்து. பன்னிரண்டு வருடத்தைக்கூட ஒருவன் தாங்கிக்கொள்ளலாம். தன்னையே நம்ப முடியாமல் பன்னிரண்டு வருடம் ஒருவன் எப்படி இருப்பான்?

"சபாபதி, கேளு" என்றார் தமிழில். "நான் எண்ணினதுல..."

பிரம்பு கம்பியில் படார் என்று விழுந்தது. "பர்மாவில் பேசு. இன்னொரு தரம் சொல்ல மாட்டேன்."

பிலிப் அவனைப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். தமிழில் சொல்லி முடிக்க விடமாட்டான். பர்மாவில் சொன்னால் சபாபதிக்குக் கேட்கும், அவனுக்கும் கேட்கும். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியாது. மார்த்தாவின் முகம் ஒரு கணம் வந்து போயிற்று. அவளைக் காக்க மட்டும் ஒரு பொய் வேண்டும். பொய் சட்டென்று கிடைத்தது.

"நான் தப்பா எண்ணிட்டேன்" என்றார் பர்மாவில், வார்த்தை வார்த்தையாக, சத்தமாக. "மைதானத்துல எட்டுத் தடி. ஏழு உங்களோடது, எட்டாவது என்னோடது. அவில்தாருக்கு ஒரு தடின்னு என் காலடியில நான் நட்டு வச்சது. அதையும் சேர்த்து எட்டு வந்திருக்கணும். ஏழுதான் வந்துச்சு. பழக்கதோஷத்துல சரின்னுட்டேன். உன் தடி குழாய்க்குள்ளயே இருந்துச்சு சபாபதி. நீ பிடுங்கிப் போடலை. மறந்துட்டே, அவ்வளவுதான். அதை நான் பிடிச்சிருக்கணும். அதுக்குத்தான் நான் அங்க நின்னேன்."

சபாபதி அவரையே பார்த்தார். அவில்தாருக்குத் தடி கிடையாது என்று அவருக்குத் தெரியும். எட்டாவது யாருடையது என்றும் தெரியும். வார்டரின் பக்கம் கண்ணைத் திருப்பாமல், மெதுவாக ஒரு தரம் தலையசைத்தார். பிறகு அந்த மெலிந்த முகம் கோணிக்கொண்டது.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா அண்ணே?"

"இல்லைடா."

"வெறும் மறதியா?"

"வெறும் மறதி."

சபாபதி கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அழுகைக்கு நடுவில் "நன்றிண்ணே, நன்றிண்ணே" என்றார். தன்னை ஒருவன் காறித் துப்பினால் தாங்கியிருப்பார் பிலிப். அந்த நன்றியைத் தாங்க முடியவில்லை. வார்டர் நின்று, நோட்டைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்தான்.

நான்காம் நாள் வந்து பிலிப்பைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொய் வாக்குமூலம், ஆதாரத்தை மறைத்தது, அனுமதியில்லாத ஆயுத உறுப்பு ஒன்றை மைதானத்துக்குக் கொண்டு வந்தது என்று மூன்று குற்றம், ஐந்து வருடம். சபாபதியின் பன்னிரண்டில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. முடிந்த வழக்கைத் திறப்பதில்லை என்றார்கள். சபாபதியை விடமாட்டார்கள் என்று ரோஸ்லின் சொன்னது பலித்தது. மார்த்தாவை மட்டும் யாரும் தேடிப் போகவில்லை. அவள் ஒரு நாள் ரோஸ்லின் வீட்டுக்கு வந்து, நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதாள். அவர் சொன்ன பொய்யையும் வீணாக்காதீர்கள் என்று ரோஸ்லின் அதட்டி அனுப்பினாள். மாதத்துக்கு ஒரு முறை ரோஸ்லினும் நீலாம்பாளும் ஒரே பஸ்ஸில் இரண்டு நாப்பி டப்பாவோடு போய் வந்தார்கள். வழியில் இருவரும் அதிகம் பேசுவதில்லை.

பிலிப்பைச் சபாபதி இருந்த கொட்டடியிலேயே போட்டார்கள். இரக்கத்தால் இல்லை, இடம் அங்கேதான் இருந்தது. முதல் நாள் மாலை கதவடைக்கும் முன் எல்லோரையும் வரிசையாகக் குந்த வைத்தார்கள். தலை குனிந்து, கை முழங்காலில். பிலிப்புக்கு முன்னால் சபாபதியின் மழித்த தலை. வார்டர் ஒருவன் ஒவ்வொரு முதுகையும் பிரம்பால் தொட்டு எண்ணிக்கொண்டே போனான். பிலிப்பின் முதுகையும் தொட்டான். கடைசி ஆள் வரை போனவன், எதையோ யோசித்து நின்றான். பிறகு மறுபடியும் முதல் ஆளிடம் வந்து, ஒன்று என்று ஆரம்பித்தான். கால் மரத்துப்போன யாரோ பின்னால் முனகினார்கள்.

சபாபதி திரும்பாமலே முணுமுணுத்தார்.

"இவன் தினமும் இப்படித்தாண்ணே. ரெண்டு தரம் எண்ணுவான்."

"எண்ணட்டும்" என்றார் பிலிப். "ரெண்டு தரம் எண்ணட்டும்."